ஓடி வராதீங்க

பெரியகல்லாற்றில் சுலோஜனாவை அறிமுகப்படுத்துகிறவர்கள் ஒரு பெருமூச்சோடுதான் தொடங்குவார்கள். "பாவம், கம்பசுல நாடகம் படிச்ச புள்ள. இப்ப நேர்சரியில நிக்கிறா." நாடகம் படித்ததற்குப் பாவமா, நேர்சரியில் நிற்பதற்குப் பாவமா என்று நானும் கேட்டுப் பார்த்திருக்கிறேன். ஒருவரும் ஒழுங்கான பதில் சொன்னதில்லை. நானும் அதே நேர்சரியில்தான் படிப்பிக்கிறேன். என்னைப் பார்த்து யாரும் பாவம் என்பதில்லை. எனக்குப் படிப்பு குறைவு, அதனால் அந்த இடம் எனக்குப் போதும் என்று ஊர் முடிவு செய்துவிட்டது.

காலையில் நாங்கள் இரண்டு பேரும் சின்னஞ்சிறுசுகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்து, மூக்குத் துடைத்து, மத்தியானம் தாய்மாரிடம் ஒப்படைப்போம். நான் வீட்டுக்குப் போய் உலை வைப்பேன். அவள் போகமாட்டாள். அவளுடைய புருசன் உதயரூபன் பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் சமையல்காரன். வெள்ளைக்காரருக்கு மூன்று வேளையும் விதவிதமாகச் சமைத்துப் போடுகிறவன் தன் வீட்டில் சாப்பிடுவது மாதத்தில் ஓரிரு நாள்தான். "ஆருக்கு அக்கா நான் உலை வைக்கிற?" என்பாள். கடையில் வாங்கிய பணிசைத் தேநீரில் தோய்த்துத் தின்றுவிட்டு, கதிரைகளைச் சுவரோரம் ஒதுக்கி மண்டபத்தைக் கூட்டுவாள். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் ஒவ்வொன்றாக வந்து சேரும். பின்னேர நாடகம் அப்படித்தான் தொடங்கும். லீவு காலத்தில் முழு நாளும் நடக்கும்.

எங்கள் பகுதியில் பிள்ளை நடக்கத் தொடங்கியதும் அடுத்த காரியம் டியூசன். நாடகத்துக்கு வந்தவர்கள் டியூசனிலிருந்து தப்பியவர்கள், அல்லது டியூசன் தப்பவிட்டவர்கள். வகுப்பில் வாய் மூடாமல் பேசியதற்காக விரட்டப்பட்ட ஒருத்தனை அவள் அறிவிப்பாளனாக்கினாள். எதற்கும் வாய் திறக்காத ஒருத்திக்கு ராணி வேடம் கொடுத்து, ராணி கண்ணாலேயே உத்தரவு போடுவாள் என்று சொல்லிவிட்டாள். அந்தப் பிள்ளை மூன்று பேரைக் கண்ணாலேயே சிறைக்கு அனுப்பியதை நான் பார்த்தேன். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நொந்தது.

ஆனால் சுலோஜனாவுக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. மேடையில் பொய்யாக அழுவது அவளுக்கு ஆகாது. பள்ளிக்கூட விழாக்களில் பிள்ளைகள் நெற்றியில் புறங்கையை வைத்து "ஐயகோ" என்று தள்ளாடுவார்களே, அதைக் கண்டால் அவள் எழுந்து வெளியே போய்விடுவாள். "எங்கட ஊரில எந்த மனிசி ஐயகோ எண்டு அழுதிருக்கிறா?" என்று என்னிடம் சண்டைக்கு வருவாள், நான்தான் அந்த வசனத்தை எழுதினவள் போல. அழுகை வயிற்றிலிருந்து வரவேண்டும், கேட்கிறவன் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எழும்பவேண்டும் என்பது அவளுடைய கணக்கு.

போன வருசம் ஓகஸ்ட் லீவில் அவளும் பிள்ளைகளும் சேர்ந்து ஒரு நாடகம் செய்தார்கள். கச்சான் காற்று பலமாக அடித்த நாளில் ஆற்றுக்குப் போன ஒருத்தன் திரும்பி வரவில்லை, அவன் மனைவி கரையில் நின்று ஊரைக் கூப்பிட்டு அழுகிறாள், ஊர் வருகிறதா இல்லையா என்பதுதான் கதை. நாங்கள் வாவியை ஆறு என்றுதான் சொல்வோம். லீவு முடியும் தறுவாயில் கலாசார மண்டபத்தில் மேடையேற்ற நாளும் கிடைத்திருந்தது. மனைவி வேடம் கம்சாயினிக்கு. எட்டாம் வகுப்புப் படிக்கிறவள், ஒல்லி, வகுப்பில் கடைசி வரிசை. தகப்பன் சாமித்தம்பி ஆற்றில் வலை போடுகிறவர். தாய் கண்ணகை விடியப்புறம் இடியப்பம் அவித்து விற்கிறவள். அந்தப் பிள்ளையின் குரலில் என்னவோ இருந்தது. முதல்முறை பாடம் பார்க்காமல் அவள் "ஐயோ, ஓடி வாங்களேன்" என்றபோது கூட இருந்த பிள்ளைகள் உண்மையிலேயே ஓடிப் போய் அவளைச் சுற்றி நின்றார்கள்.

இடைஞ்சல் சுவரில் இருந்து வந்தது. மண்டபத்தின் மறுபக்க அறையில் ரதீஸ் சேர் புலமைப்பரிசில் வகுப்பு நடத்துகிறார். நல்ல மனிதர், கணக்கில் கெட்டிக்காரர். அவர் வாசலில் வந்து நின்று, "டீச்சர், பக்கத்தில செத்த வீடு நடந்தா என்ட பிள்ளைகள் எப்பிடிப் பின்னம் செய்யிற?" என்று கேட்டார். அவர் கேட்டதில் பிழை இல்லை. சுலோஜனா யோசித்துவிட்டு, அழுகைக் காட்சியை மட்டும் வீட்டிலே பழகச் சொல்லி கம்சாயினியிடம் சொன்னாள். வீட்டு வளவுக்குப் பின்னால் ஆறு இருக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டு பழகு, மண்டபத்தில் வராதது அங்கே வரும் என்றாள்.

இந்த இடத்தில் எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். ஒரு வீட்டில் பெண்குரல் எடுத்து அழுதால் எங்களுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான். அடுப்பில் இருப்பது கருகட்டும், ஓடவேண்டும். என்ன ஏது என்று கேட்கக்கூடாது. வேலிச் சண்டையில் வருசக்கணக்காக முகம் பார்க்காதவர்களும் ஓடுவார்கள். யாரையும் வீடு தேடிப் போய்க் கூப்பிடத் தேவையில்லை, போன் எடுக்கத் தேவையில்லை. அழுதால் போதும், ஆள் வரும். நல்லது கெட்டது எத்தனையோ உள்ள ஊரில் இந்த ஒன்றில் மட்டும் ஒருவரும் பிழை விட்டதில்லை.

கம்சாயினி முதல் நாள் பழகியது விளக்கு வைக்கிற நேரத்தில். தகப்பன் ஆற்றில். பிள்ளை வளவின் பின்னால் நின்று, ஆற்றைப் பார்த்து, "ஐயோ, ஓடி வாங்களேன்! என்ட ராசா ஆத்தோட போயிட்டாரே!" என்று ஒரு குரல் எடுத்திருக்கிறாள். பிறகு கேட்கவேண்டுமா? பக்கத்து வீட்டுத் தங்கேஸ் மாமி துருவிய தேங்காய்ப் பாதியோடு ஓடி வந்தாள். ஒழுங்கையில் இருந்த அத்தனை வீடும் வந்தது. ஆண்கள் இரண்டு தோணியைத் தள்ளிக்கொண்டு சாமித்தம்பியின் உடம்பைத் தேடிப் புறப்பட்டார்கள். நடு ஆற்றில் அவர் நிம்மதியாகப் பீடி பிடித்துக்கொண்டு வலை விட்டுக்கொண்டிருந்தார். "உன்ட வீட்ட அழுகைச் சத்தம்" என்று அவர்கள் சொல்ல, கண்ணகைதான் போய்விட்டாள் என்று நினைத்து அவர் வலையை அப்படியே போட்டுவிட்டு வந்தார். வந்து பார்த்தால் கண்ணகை முற்றத்தில் நின்று சனத்துக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருக்கிறாள்.

சனம் சிரித்து முடிந்தபின் கோபம் வந்தது. "விளக்கு வைக்கிற நேரத்தில வீட்டுக்க ஒப்பாரி வைக்கிற புள்ளைய எங்க கண்ட?" என்று ஒருத்தி. "மூதேவிய வெத்திலை வச்சு அழைக்கிற வேல" என்று இன்னொருத்தி. விட்டுவந்த வலை அறுந்து போன சாமித்தம்பி, "இனி நாடகமும் வேணாம், மண்ணும் வேணாம்" என்று முடித்துவிட்டார்.

மறுநாள் கம்சாயினி கண்ணெல்லாம் வீங்கி வந்து நின்றாள். சுலோஜனா அவளை மடியில் இழுத்துக்கொண்டாள். "அழாத மக. மேடையில கைதட்டு வாங்கிற ஆக்கள் எத்தினையோ பேர். ஒரு குரலுக்கு ஊரே ஓடி வந்தது உனக்கு மட்டும்தான். அதுக்கு மேல ஒரு பரிசு இல்ல." பிள்ளையின் முகம் அப்படியே மலர்ந்தது. பிறகு சுலோஜனா பிள்ளைகளை மண்டபத்தில் விட்டுவிட்டு, என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அந்த ஒழுங்கைக்குப் போனாள்.

முதலில் சாமித்தம்பியிடம். விளக்கு வைக்கிற நேரத்தில் இனி இல்லை, பட்டப்பகலில் மத்தியானத்துக்குப் பிறகு மட்டும்தான் என்று சத்தியம் செய்து கொடுத்தாள். கண்ணகையும் மகளுக்காகப் பேசினாள். மனிதர் இறங்கி வந்தார். அடுத்து ஒவ்வொரு வீடாகப் போனாள். வேலிக்கு வேலி நின்று சிரிக்கச் சிரிக்கப் பேசினாள். அவள் பேசினால் மறுக்க முடியாது, எனக்குத் தெரியும். "இனி அவட அழுகை கேட்டா ஓடி வராதீங்க. அது பழகுறதுதான். பயப்படாம உங்கட வேலையப் பாருங்க."

"மறந்து ஓடி வந்தா?" என்று தங்கேஸ் மாமி கேட்டிருக்கிறாள்.

"வந்தா டிக்கட்டு எடுக்கணும் மாமி."

ஒழுங்கை முழுவதும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்ததாம். திரும்பி வரும்போது அவள் முகத்தில் வெற்றி. நான் கேட்டேன், "இதைக் கம்சாயினிக்குச் சொல்லல்லயா?"

"விசரா அக்கா? ஆரும் வரமாட்டாங்க எண்டு தெரிஞ்சா புள்ளைட அழுகையில உயிர் போயிரும். வருவாங்க எண்டு நினைச்சு அழணும். அப்பதான் அது அழுகை."

அதில் ஒரு நியாயம் இருந்தது போலத்தான் எனக்கும் பட்டது. நாடகம் படித்தவள் சொல்கிறாள், நான் என்னத்தைக் கண்டேன். பகல் நேரத்தில் ஒருவரும் ஓடி வராததைப் பற்றிக் கம்சாயினி கேட்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். கேட்டாள். இரண்டாவது நாளே வந்து, "ஒருத்தரும் வரல்ல டீச்சர்" என்றாள். "அப்ப இன்னும் சரியா வரல்ல எண்டு அர்த்தம். இன்னும் அடியிலிருந்து எடு" என்றாள் சுலோஜனா. பிள்ளை தலையாட்டிவிட்டுப் போய் இன்னும் அடியிலிருந்து எடுத்தது. ஒழுங்கைக்கு அது பழகிப்போனது. தங்கேஸ் மாமி அம்மியில் அரைத்துக்கொண்டே வேலிக்கு இங்கால் இருந்து, "இண்டைக்கு முந்தநாளைவிட நல்லம் புள்ள" என்று தனக்குள் சொல்லிக்கொள்வாளாம்.

மேடையேற்றத்துக்கு ஒரு கிழமை இருக்கும். மத்தியானம் திரும்பிய நேரம். சாமித்தம்பி வலை நூல் வாங்கக் கல்முனைக்குப் போயிருந்தார். கண்ணகை மறுநாள் இடியப்பத்துக்கு மா வறுத்துக்கொண்டிருந்தவள், சட்டியை இறக்க எழும்பும்போது குசினியிலேயே விழுந்துவிட்டாள். வாய் ஒரு பக்கம் கோணி, வலது கையும் காலும் அசையவில்லை. கம்சாயினி ஓடி வந்து தூக்கப் பார்த்தாள், முடியவில்லை. தகப்பனுக்குப் போன் அடித்தாள். பஸ் இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை. கண்ணகை நல்லாயிருந்த இடக்கையால் மகளின் பாவாடையைப் பிடித்துக்கொண்டாள், விடவில்லை. அந்தப் பிடியை உதறிக்கொண்டு வெளியே போக எந்தப் பிள்ளைக்கு மனம் வரும்? போகத் தேவையும் இல்லை என்றுதான் அது நினைத்தது. எங்கள் ஊரில் அழுதால் ஆள் வரும்.

"ஐயோ, ஓடி வாங்களேன்!" என்று அது கத்தியது. வேறு எந்தச் சொல்லால் கத்தும்? நாடகத்துக்கு சுலோஜனா அந்தச் சொல்லை ஊரிலிருந்துதான் எடுத்தாள். எங்கள் பெண்கள் எல்லாரும் அதே சொல்லால்தான் கத்துவார்கள்.

ஒருவரும் வரவில்லை. தங்கேஸ் மாமி அம்மியை விட்டு எழும்பாமல், தனக்குள், "அந்தக் கடைசி இடத்த இன்னும் கொஞ்சம் இழு புள்ள" என்றாள். முன்வீட்டில் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்கள். இன்னொரு வீட்டில் ஒரு குழந்தை எழும்பிவிட்டது என்று தாய் தொட்டிலை ஆட்டினாள். பிள்ளை தொண்டை அடைக்கும் வரை கத்தி, பிறகு அடைத்த தொண்டையாலும் கத்தியது. வெயில் முற்றத்தைக் கடந்து வேலிக்குப் போகும் வரை தாயும் மகளும் அந்தக் குசினி நிலத்தில் கிடந்தார்கள்.

வந்தவர் முகைதீன்பாவா. காத்தான்குடியிலிருந்து மோட்டார்சைக்கிளில் புடவை மூட்டை கட்டிக்கொண்டு எங்கள் ஊர்களுக்கு வருகிற வியாபாரி. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார், அண்ணன் முறைக்கு அவரைக் காக்கா என்போம். ஒழுங்கை முனையில் திரும்பும்போதே அவருக்குச் சத்தம் கேட்டிருக்கிறது. மோட்டார்சைக்கிளை நிறுத்தக்கூட இல்லை, சரித்துப் போட்டுவிட்டு ஓடினார். புடவைகள் ஒழுங்கை மண்ணில் சிந்திக் கிடந்தன. உள்ளே பார்த்துவிட்டு அவர் போட்ட சத்தத்தில்தான் ஊர் எழும்பியது. ஆண்குரல் அல்லவா, நாடகத்தில் அது இல்லை.

செய்தி வந்து சுலோஜனாவும் நானும் போய்ச் சேர்ந்தபோது கண்ணகையையும் மகளையும் ஏற்றிக்கொண்டு ஆட்டோ போய்விட்டது. பாவா வேர்த்து ஒழுகி நடு ஒழுங்கையில் நின்று ஏசிக்கொண்டிருந்தார்.

"என்ன மனிசர் நீங்க? தெருமுனையில இரிந்தே எனக்குக் கேட்ட. பக்கத்து ஊட்டுல இரிக்கிற உங்களுக்குக் கேக்கலயா? ஒரு புள்ள இப்பிடிக் கத்துது, ஒருத்தரும் வராம இரிக்கிங்களே!"

"எங்களுக்குக் கேட்டது காக்கா" என்று தங்கேஸ் மாமி தலையில் அடித்துக்கொண்டாள். "டீச்சர்தான் ஓடி வராதீங்க எண்டு சொன்னவ. நாங்க நாடகம் எண்டு…" அந்த நேரம் சுலோஜனாவைக் கண்டுவிட்டாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். மிச்சத்தைச் சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

கண்ணகை பிழைத்தாள். கொஞ்சம் முந்தியே கொண்டு வந்திருந்தால் இவ்வளவு பாதித்திராது என்று ஆசுபத்திரியில் சொன்னார்கள். அவர்கள் எல்லாருக்கும் சொல்கிற வசனம்தான் அது, ஆனால் இங்கே அது பொருந்திப் போயிற்று. வலப்பக்கம் வரவில்லை. பேச்சும் வரவில்லை. விடியப்புறம் ஒழுங்கை முழுக்க மணக்கும் இடியப்பம் நின்றுபோயிற்று. சாமித்தம்பி இரவில் ஆற்றுக்குப் போவதை விட்டுவிட்டு, பகலில் கிடைக்கிற கூலிக்குப் போகிறார்.

ஒருவரும் சுலோஜனாவை ஏசவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். அவள் ஏச்சு வாங்கவென்றே ஆசுபத்திரிக்குப் போனாள். சாமித்தம்பி அவளுக்குக் கதிரையை இழுத்துப் போட்டு, "நீங்க என்ன செய்வீங்க டீச்சர், எங்கட காலம்" என்றார். கண்ணகை இடக்கையால் அவள் கையைப் பிடித்து ஏதோ சொல்லப் பார்த்தாள். சத்தம் வந்தது, சொல் வரவில்லை. "என்னதான் சொல்ல வந்தாவோ அக்கா" என்று சுலோஜனா அதன்பிறகு என்னிடம் எத்தனை தரம் கேட்டிருப்பாள். ஆறுதல் சொல்லியிருப்பாள் என்று நான் சொல்வேன். எனக்கு அது தெரியாது என்பது அவளுக்கும் தெரியும்.

மேடையேற்றத்தை அவளே நிறுத்தினாள். பின்னேர நாடகத்தையும் நிறுத்தினாள். பிள்ளைகள் சில நாள் வாசலில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ராணி கண்ணாலே என்னைக் கேட்டாள், நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். மண்டபம் சும்மா கிடப்பதைக் கண்டு ரதீஸ் சேர் தன் வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை அங்கே இருத்தினார். அவளிடம் மரியாதையாகக் கேட்டுவிட்டுத்தான் செய்தார். உதயரூபன் வந்திருந்தபோது, "விடுகா, தெரிஞ்சா செஞ்ச?" என்றான். தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்ப அவளுக்கு முடியவில்லை. "நான் யோசிச்சுத்தான் செஞ்சன்" என்றாள். "ஒரு சனத்தின்ட காலக் கட்டிப்போட்டன். கட்டினதக்கூட அந்தப் புள்ளைக்குச் சொல்லல்ல."

கம்சாயினியின் வீட்டுப்பக்கம் அவள் போவதைக் குறைத்துக்கொண்டாள். அதில்தான் எனக்கு அவளோடு கோபம். அந்தப் பிள்ளையிடம் போய் நடந்ததைச் சொல் என்று நான் பலமுறை சொன்னேன். "சொல்லுவன் அக்கா, இப்ப வேணாம், அவ இருக்கிற நிலைமையில…" என்று தள்ளிப்போட்டாள். ஒழுங்கைக்காரரும் தாய்க்காரி காதில் விழுந்துவிடும் என்று அந்தக் கதையையே எடுப்பதில்லை. ஊர் முழுக்கத் தெரிந்த ஒன்று ஒரு பிள்ளைக்கு மட்டும் தெரியாமல் இருந்தது.

இந்தச் சித்திரை லீவில் ஒரு மத்தியானம். நேர்சரிக்கும் சேரின் வகுப்புக்கும் லீவு, நாங்கள் இரண்டு பேரும் இடத்தைத் துப்புரவாக்க வந்திருந்தோம். நான் பின்னால் கோப்பைகள் கழுவிக்கொண்டிருந்தேன். சுலோஜனா சுவரில் கழன்ற படங்களை ஒட்டிக்கொண்டிருந்தாள். கம்சாயினி வந்து வாசலில் செருப்பைக் கழற்றுவது யன்னலால் தெரிந்தது. உயர்ந்திருந்தாள். கையில் சமையல் சூடுபட்ட தழும்பு.

"டீச்சர், இந்த லீவுக்கும் கிளாஸ் இல்லயா?"

"இல்ல மக. இனி இல்ல."

"எனக்கு மட்டும் பழக்குவீங்களா? கன நேரம் வேணாம். அம்மா படுக்கிற நேரத்தில ஓடி வந்திட்டுப் போயிருவன்."

"என்னத்தப் பழக்க?"

"அழ."

நான் குழாயை மூடினேன். சுலோஜனாவின் கையில் இருந்த படம் கீழே விழுந்தது, அவள் எடுக்கவில்லை.

"அண்டைக்கு எனக்குச் சரியா வரல்ல டீச்சர்" என்றாள் பிள்ளை, வீட்டுப்பாடம் பிழைத்ததைச் சொல்வது போல. "நீங்க சொன்ன மாதிரி அடியிலிருந்துதான் எடுத்தன். ஆனா சரியா வரல்ல. வந்திருந்தா சனம் வந்திருக்கும்தானே. முதல் நாள் சும்மா அழுததுக்கு எல்லாரும் வந்தவங்க. அண்டைக்கு அம்மா உண்மையா விழுந்து கிடக்கிறா, ஒருத்தரும் வரல்ல. பாவா வந்தவர், அவர் எப்பிடியும் புடவை விக்க வருவார்தானே. அம்மாக்கு மறுகாவும் அப்பிடி வரலாமெண்டு டொக்டர் சொன்னவர். அதுக்குள்ள நான் நல்லாப் பழகிரணும்."

இத்தனை மாதமும் அந்தப் பிள்ளை இதை வைத்துக்கொண்டுதான் தாய்க்குச் சோறு தீத்தியிருக்கிறது, துணி மாற்றியிருக்கிறது, பள்ளிக்கூடம் போயிருக்கிறது. எனக்கு வெளியே ஓடி வந்து எல்லாவற்றையும் கொட்டிவிடத் தோன்றியது. ஆனால் அதைச் சொல்லவேண்டியவள் நான் இல்லை. கதவுக்குப் பின்னாலேயே நின்றேன்.

சுலோஜனா நிலத்தில் இருந்தாள். பிள்ளையையும் முன்னால் இருத்தினாள். "கம்சா, உன்ட அழுகையில ஒரு பிழையும் இல்ல. நான்தான் உங்கட ஒழுங்கையில வீடு வீடாப் போய், உன்ட சத்தம் கேட்டா வராதீங்க எண்டு சொன்னனான்."

"எப்ப?"

"முதல் நாள் எல்லாரும் ஓடி வந்தாங்களே, அதுக்கு அடுத்த நாள்."

"எல்லா வீட்டுக்குமா?"

"ஓம்."

"தங்கேஸ் மாமிக்கும்?"

"ஓம். மாமிக்கும்."

"எனக்கு ஏன் டீச்சர் சொல்லல்ல?"

"சொன்னா நீ நல்லா அழமாட்டாய் எண்டு நினைச்சன்." சுலோஜனாவின் குரல் உடைந்துவிட்டது. "அவங்க வராததுக்கு நான்தான் மக காரணம். நீ இல்ல. பாவாக்கு நான் சொல்லல்ல. அதாலதான் அவர் வந்தார்."

கம்சாயினி நிலத்தில் கிடந்த படத்தை எடுத்து மடியில் வைத்தாள். அவள் எழும்பிப் போய்விடுவாள், கத்துவாள், இனி இந்த வாசலை மிதிக்கமாட்டேன் என்பாள் என்று நான் காத்திருந்தேன். சுலோஜனாவும் அதற்காகவே தலையைக் குனிந்துகொண்டு இருந்தாள். பிள்ளை அவள் பக்கம் நகர்ந்து வந்து, அவள் முகத்தைப் பார்த்தது.

"அப்ப அண்டைக்கு நான் நல்லாத்தான் அழுதிருக்கிறன், என்ன டீச்சர்?"

சுலோஜனா தலையை ஆட்டினாள். பிள்ளை ஒரு பெரிய மூச்சு விட்டது. அதன் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்ததை நான் கண்ணால் கண்டேன். பிறகு அம்மா எழும்புகிற நேரம் என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு ஓடியது.

நான் கையைத் துடைத்துக்கொண்டு வந்து சுலோஜனாவின் பக்கத்தில் இருந்தேன். அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏசுவா எண்டு பாத்தன் அக்கா" என்றாள். "சந்தோசப்பட்டுக்கொண்டு போறா."